ஒற்றைப் படுக்கை

அன்புள்ள மகனுக்கு,

பழக்கதோஷத்தில் அன்புள்ள என்று எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே உன் அம்மா சுகமாக இருக்கிறாள். நான் சுகமா என்று நீ கேட்டுப் பல வருஷம் ஆகிறது, கேட்காததற்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. அங்கே நீயும் மாசமாக இருக்கும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்பதை, நீ பேசுவதை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதிலிருந்து தெரிந்துகொள்கிறேன். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கரில் போடுகிறாள், நான் கேட்காத மாதிரி பேப்பர் பார்க்கிறேன், இந்த நாடகம் எங்கள் வீட்டில் நன்றாகவே ஓடுகிறது. இதைப் போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நினைப்பாய். என் நம்பர் வந்தால் நீ எடுப்பதில்லை. அவள் போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது. அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிவுத் தபாலில் வரும், நீ கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். முழுக்கப் படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படி. இந்த முறை கோபப்பட வேண்டியவன் நான், அதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே.

நீ கூரியரில் அனுப்பிய ரயில் டிக்கெட் வந்து சேர்ந்தது. உன் அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்து, அலமாரியில் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துவிட்டு, வைத்த கை ஈரம் காய்வதற்குள் திரும்பவும் எடுத்துவந்து என் முன்னால் மேஜையில் வைத்தாள். பார்த்தேன். கடுங்குளிர் மாசத்தில், இரண்டு ராத்திரி ஓடுகிற வண்டியில், ஒருவர் மட்டும் படுக்கிற தனி அறை. கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள். அம்மா, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்கிக்கிட்டே வாங்க, யாரும் எழுப்பக் கூடாதுன்னு அட்டெண்டருக்குச் சொல்ல ஏற்பாடு பண்ணிட்டேன், அவர் வர வேண்டாம், என்று எழுதியிருந்தாய். அவர். பெற்ற அப்பனுக்கு நீ வைத்திருக்கிற பெயர். பால்காரரை, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிற மாதிரி, அவர். சரி, அந்தச் சண்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொள். உன் அம்மா தூக்கத்தில் எழுந்து நடக்கிறவள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதுதான். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது, ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி போடுகிறவன் சொல்கிறேன், நம்பு. அந்தக் கண்ணோடு தாழ்ப்பாளைத் திறப்பாள், கதவைத் திறப்பாள், படி இறங்குவாள், போய்க்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவளை ஓடுகிற ரயிலில், பனி விழுகிற காலத்தில், தனியாக ஓர் அறையில் போட்டு, யாரும் எழுப்பக் கூடாது என்று ஏற்பாடும் பண்ணியிருக்கிறாய். அவளைக் கொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு நல்ல திட்டம் உனக்குத் தோன்றியிருக்காது.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன் வயசு அந்தச் சத்தியத்துக்கு. இன்றைக்கு உன் புண்ணியத்தில் அதை உடைக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் பார்த்த வேலை உனக்குத் தெரியும். துவைத்து வருகிற விரிப்புகளைச் சூடான உருளை மெஷினுக்குள் விட்டு, அந்தப் பக்கம் வந்ததும் மூலைக்கு மூலை பிடித்து மடித்து, அடுக்கி, நாடா போட்டுக் கட்டுவது. பகலெல்லாம் செய்ததை ராத்திரி தூக்கத்திலும் செய்வாள். கட்டில் விரிப்பை உருவி மடிப்பாள், ஜன்னல் திரையை இறக்கி மடிப்பாள், ஒருமுறை என் போர்வையோடு என்னையும் சேர்த்து மடிக்கப் பார்த்தாள். மடித்து முடித்ததும் வாசல் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அது ஓயவில்லை. காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் என்னிடம் வந்து, நேத்து டூட்டி பார்த்தேனா என்று கேட்பாள். அதற்கு எங்கள் இரண்டு பேருக்குள் டூட்டி என்றுதான் பெயர். ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொன்ன நாளெல்லாம் அவள் முகம் செத்துப்போய்விடும், சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள், உன்னைத் தூக்க மாட்டாள், தூக்கினால் என்ன ஆகுமோ என்று கையைக் கட்டிக்கொண்டே நிற்பாள். அப்புறம் நான் கற்றுக்கொண்டேன். நேத்து லீவு என்று சொல்லிவிடுவேன். கதவைப் பூட்ட மறந்து, தெருமுனைவரை போய் அழைத்துக்கொண்டு வந்த நாளிலும் லீவுதான். ஒருதடவை டாக்டரிடம் போனோம், அவர் கொடுத்த மாத்திரை பகலிலும் தூங்கவைத்துவிட்டது, உருளை மெஷினில் கையைச் சுட்டுக்கொண்டாள், அதோடு மாத்திரையைத் தூக்கி எறிந்தாயிற்று. அந்தத் தழும்பையும் நீ பார்த்திருப்பாய், அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பாய்.

நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாள் வந்து, அம்மா ஏன் தூங்கி வழியறாங்க, காலில் ஏன் காயம் என்று கேட்டாய். ராத்திரி டூட்டிடா என்றேன். பொய்யா அது? நீ அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாய். பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரியும் ஆஸ்பத்திரி, அப்பன் மட்டும் கண்ணாடிக் கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று உன் மண்டைக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்துவிட்டது. சலவைக்கூடத்துக்கு ராத்திரி ஷிஃப்டே கிடையாதுடா படித்த முட்டாளே! சாயங்காலம் பாய்லரை அணைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற காவலாளியைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எத்தனை பரீட்சை எழுதினாய், எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினாய், ஒரே ஒரு கேள்வி கேட்க மட்டும் உனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அந்தப் பூட்டு. எங்கள் படுக்கையறைக் கதவில் உள்பக்கம் பூட்டு, சாவி என் கழுத்தில். அதைப் பார்த்தாய், நீயே விசாரித்து நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அந்தச் சாவியை என் கழுத்தில் மாட்டியதே உன் அம்மாதான், குளிக்கும்போதுகூடக் கழட்டாதீங்க என்று சொல்லி மாட்டினாள். வேலை கிடைத்து இந்த ஊரைவிட்டுப் போகிற அன்று நீ கடைக்கு வந்தது எனக்கு மறக்காது. ஒரு டீச்சர் அம்மாவுக்குப் புது ஃபிரேமைக் காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கம்மாவை ராத்திரி பகலா உழைக்க விட்டுட்டு, வீட்டுக்கு வந்தா பூட்டி வெச்ச மனுஷன் நீங்க, அவங்க கால்ல இருக்கிற காயமெல்லாம் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாதா, என்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டது. அந்த அம்மா பயந்துபோய்க் கண்ணாடியோடு எழுந்து போனவர்தான், கண்ணாடியும் வரவில்லை, அவரும் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் சத்தியம் போய்விடும். வாயைத் திறக்காததால் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டு நீ ரயிலேறினாய். உன் அம்மா மேல் நான் கை ஓங்கியது ஒருநாள்கூடக் கிடையாது. இதை உன்னிடம் நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலைமை எனக்கு இல்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

எதற்கு அப்படி ஒரு சத்தியம் என்று கேட்பாய். நீ கைக்குழந்தை. பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய புதிது. ஒரு விடியற்காலை எழுந்து பார்த்தால் பக்கத்தில் நீ இல்லை, அவள் அசந்து தூங்குகிறாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடைசியில் துணி அலமாரியைத் திறந்தேன். அடுக்கியிருந்த விரிப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பருமனாக இருந்தது. நாலு மூலையும் பிசிறில்லாமல் மடித்து, நாடா போட்டுக் கட்டி, உள்ளே நீ. முகம் மட்டும் எப்படியோ வெளியே இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அந்த மடிப்பு முகத்தின் மேல் விழுந்திருந்தால் இன்றைக்கு நான் கடிதம் எழுத ஆள் இல்லை, என்னை அவர் என்று சொல்லவும் ஆள் இல்லை. நான் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்துவந்து பின்னால் நின்று பார்த்துவிட்டாள். அழவில்லை. ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க என்றாள். அன்றைக்கு வந்ததுதான் அந்தப் பூட்டு. அன்றைக்கு வாங்கியதுதான் அந்தச் சத்தியமும். இவன் வளர்ந்து என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது, எந்தக் காலத்திலயும் இவனுக்குத் தெரியக் கூடாது என்றாள். அவளைப் பார்த்து நீ பயப்படவில்லை. என்னைப் பார்த்துப் பயந்தாய், அப்புறம் வெறுத்தாய். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்தது, மிச்சம் எனக்கு வந்தது. எனக்கு வலித்தது. இதை ஒருமுறைதான் எழுதுவேன், எழுதியாயிற்று.

இப்போது அவளுக்கு வர வேண்டும். பேரக் குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் கம்பளி நூல் உருண்டை காலில் தட்டுகிறது, இதுவரைக்கும் பின்னியிருக்கிற தொப்பிகளுக்குக் குழந்தைக்கு நாலைந்து தலை வேண்டும். ராத்திரி ரயிலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். ரெண்டு ராத்திரியும் முழிச்சுக்கிட்டே வந்துடுறேன், ஊசியும் நூலும் இருக்கு, பிளாஸ்க் நிறைய டீ இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க, என்கிறாள். ஒரு ராத்திரி கண் விழித்தால் அடுத்த ராத்திரி டூட்டி இரட்டிப்பாகும் என்பது அவளுக்கும் தெரியும். காலில் குளிர் பட்டால் எழுந்துவிடுவாள், அதனால் குளிர்காலம்தான் எங்களுக்கு மோசம். எல்லாவற்றுக்கும் மேலே, ரயிலில் கொடுக்கிற விரிப்பு. கஞ்சி போட்டு, தேய்த்து, மடிப்புக் கலையாமல், சலவை வாசனையோடு வரும். அந்த வாசனை மூக்கில் ஏறினால் அவள் கை சும்மா இருக்காது. தன்னுடையதை மடித்துவிட்டு, கதவு திறந்திருக்கிற அறையிலெல்லாம் நுழைந்து மற்றவர்களுடையதையும் உருவி மடிப்பாள், பாதிப் பேர் அட்டெண்டர் என்று நினைத்துக் காலைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அவள் போகிற இடம் பெட்டியின் வெளிக்கதவு.

எதிர்வீட்டில் ரிட்டையரான டிக்கெட் பரிசோதகர் இருக்கிறாரே, தெரு முழுக்க அவரை அபராதம் என்றுதான் கூப்பிடுகிறது. அவரைக் கடைக்கு வரவழைத்து, கண்ணாடித் திருகை முடுக்கிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, யாரோ வாடிக்கையாளர் வீட்டு விஷயம் மாதிரி பேச்சுக் கொடுத்தேன். தனி அறையின் தாழ்ப்பாள் ஒரே திருகில் திறந்துகொள்ளுமாம், தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களாம். வெளிக்கதவும் அதே கதைதானாம். பனி கொட்டுகிற மாசத்தில் தண்டவாளத்தைச் சுத்தம் செய்கிறவரைக்கும் வண்டி வெட்டவெளியில் நிற்குமாம். அப்படி நிக்கும்போது ஒருத்தர் இறங்கினது தெரியாம வண்டி கிளம்பினதும் உண்டு சார், அடுத்த ஸ்டேஷன்ல காலிப் படுக்கையைப் பார்த்தப்புறம்தான் தெரியும், என்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். யாரு சார் அந்த வாடிக்கையாளர் என்றார். பார்வையில் கோளாறு உள்ள ஒருத்தன், வெளியூர்க்காரன் என்று உன்னைத்தான் சொல்லிவைத்தேன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட்டை இரண்டு பேர் படுக்கிற அறைக்கு மாற்றிக் கொடும்மா என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். யாரு புக் பண்ணாங்களோ அவங்கதான் மாத்தணும், நீங்க இவங்களுக்கு என்ன வேணும் என்றாள். புருஷன் என்றேன். டிக்கெட்ல நீங்க இல்லையே சார் என்றாள். உட்கார்ந்து போகிற பெட்டியிலாவது எனக்கு ஓர் இடம் கொடு என்றேன். தரேன், ஆனா ராத்திரியில ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்கிற கதவைப் பூட்டிடுவாங்க, நீங்க அந்தப் பக்கம் போக முடியாது என்றாள். ஒரு பூட்டு என்னை உன் அம்மாவைவிட்டு வெளியே நிறுத்துவது இதுதான் முதல்முறை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், ஓரமாக வந்துவிட்டேன்.

ஆகவே இதைச் சரிசெய்ய வேண்டியவன் நீ. கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்த ஒற்றைப் படுக்கையை ரத்து செய்துவிட்டு, இரண்டு படுக்கை உள்ள அறையாக மாற்று. பெட்டியின் கடைசியில் வேண்டாம், நடுவில் இருக்கட்டும், அபராதம் அப்படித்தான் சொன்னார், கதவுக்கும் அறைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. கீழ்ப்படுக்கை அவளுக்கு, மேல்படுக்கை எனக்கு. இந்த வயசில் ஏற முடியுமா என்று நீ கவலைப்பட மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன், ஏறுவேன். யாரும் எழுப்பக் கூடாது என்ற அந்த மேதாவித்தனமான ஏற்பாட்டை எடுத்துவிடு. விரிப்பும் போர்வையும் வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம், பூப்போட்ட பழைய விரிப்பு, கஞ்சி படாதது. ரயில் விரிப்பை அட்டெண்டர் நீட்டும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கம்பளிக் காலுறை ஒன்றுக்கு மேல் ஒன்றாக. வெந்நீர்ப் பை ஒன்று. பிளாஸ்க்கில் டீ முதல் மாலைக்கு மட்டும், மீதியை அவள் பார்க்காதபோது கொட்டிவிடுவேன், அவள் விழித்திருக்கக் கூடாது, தூங்க வேண்டும், நான் இருக்கிறேன். இதையெல்லாம் நீ செய்யவில்லை என்றால் உன் அம்மா வர மாட்டாள். டிக்கெட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, நான்தான் போக விடவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்வேன். உன் கணக்கில் ஏற்கெனவே கொடுமைக்காரன்தான், இன்னொன்று சேர்ந்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? அவள் என்னோடு பேசாமல் இருப்பாள், அழுவாள், பேரக் குழந்தையை முதல்நாள் பார்க்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். சொல்லிக்காட்டுவதற்கு உயிரோடு இருப்பாள்.

உன் வீட்டுக்கு நான் வந்துவிடுவேனோ என்று பயப்படாதே, வாசலை மிதிக்க மாட்டேன். வேண்டாம் என்று எழுதிய இடத்துக்குப் போகிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. உன் ஊர் ஸ்டேஷனில் இறங்கி, அவளை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வருகிற வண்டியில் ஏறிவிடுவேன். ஒப்படைப்பது என்றால் என்ன என்று கேட்டுக்கொள். நம் வீட்டில் கதவுக்குப் பூட்டு, ஆனால் பூட்டு மட்டும் போதாது, பூட்டிய அறைக்குள்ளேயே எழுந்து கட்டில் கால் தடுக்கி விழுவாள், அந்தக் காயங்கள்தான் நீ பார்த்தவை. அதனால் அவள் மணிக்கட்டுக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு நாடா. சலவைக்கூடத்து நாடாதான், பழசாகிவிட்டதென்று அங்கே கழித்துப்போட்டதை அவளே கொண்டுவந்தாள். அவள் எழுந்தால் என் கை இழுபடும், நான் எழுந்து அவளைத் திருப்பிப் படுக்கவைப்பேன். பெயர் சொல்லிக் கத்தக் கூடாது, உலுக்கக் கூடாது, தோளைத் தொட்டு மெதுவாகத் திருப்பினால் குழந்தை மாதிரி வந்துவிடுவாள். அந்த நாடாவை அவள் கையால் கட்ட விடாதே. வேலையில் போடுகிற முடிச்சு அவள் விரலுக்கு அத்துப்படி, தூக்கத்திலேயே அவிழ்த்துவிடுவாள். அவளுக்குத் தெரியாத முடிச்சு ஒன்றுதான், ஷூ லேஸ் முடிச்சு, லேஸ் வைத்த ஷூவை அவள் ஒருநாளும் போட்டதில்லை. அதையே இரண்டு தடவை போட வேண்டும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கடை வாசலில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்தேனே, அதே முடிச்சு. அது உனக்கு மறந்திருக்காது, தினமும் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாய்.

குழந்தை பிறந்ததும் ராத்திரியில் அதை உன் அம்மா தொட மாட்டாள், தன் பக்கத்தில் படுக்கவைக்க விட மாட்டாள். மாமியாருக்குப் பாசம் இல்லை என்று மருமகள் நினைத்துவிடப் போகிறாள், அவளிடம் நீ எடுத்துச் சொல். அவளும் குழந்தையும் அறையில் உள்ளே பூட்டிக்கொண்டு படுக்கட்டும். நீ உன் அம்மா படுக்கிற இடத்தில் கீழே படு. நாடாவின் இன்னொரு முனை உன் கையில். இந்தக் குளிர்காலம் முழுக்க ராத்திரி டூட்டி உனக்கு. யார் பார்த்த டூட்டி என்று அப்போது உனக்குப் புரியும். நான் சத்தியத்தை உடைத்ததை ரயிலில் கடைசி நாள் காலையில் அவளிடம் சொல்லிவிடுவேன், திட்டுவாள், ஓடுகிற வண்டியில் என்னை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள்? இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணி அழாதே, நான் எடுக்க மாட்டேன். டிக்கெட்டை மாற்று, அது போதும். திரும்பி வருகிற வண்டியில் எனக்கு எந்தப் படுக்கையும் வேண்டாம். உட்கார்ந்தே வந்துவிடுவேன். கையில் நாடா இல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா என்பதும் சந்தேகம்தான்.

மருமகளுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், சுகப்பிரசவமாகட்டும், குறையில்லாமல் இருக்கட்டும். உனக்கும் சேர்த்துத்தான், ஆசீர்வாதத்தில் உன் பங்கை மட்டும் கழித்து அனுப்ப எனக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒன்று, மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. உன் வீட்டில் முதல்நாள் காலை உனக்கு விஷயம் தெரியும் என்ற வெட்கத்தில் அவள் கேட்க மாட்டாள். கேட்காமலும் இருக்க முடியாது. முகம் கழுவாமல், கையைப் பிசைந்துகொண்டு, நீ இருக்கிற இடத்துக்கு வந்து சும்மா நிற்பாள். ராத்திரி உன் கை எத்தனை தடவை இழுபட்டிருந்தாலும் சரி, நீ கண்ணை மூடியே இருக்காவிட்டாலும் சரி, அவள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. நேத்து லீவும்மா என்று சொல்.

இப்படிக்கு,
அவர்